பாஸ்கா திருவிழிப்பு: முதன்முறை வருகிறவர்களுக்கு

உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்தைய சனிக்கிழமை இரவு கத்தோலிக்க ஆலயங்களில் நடக்கும் வழிபாட்டுக்குப் பாஸ்கா திருவிழிப்பு என்று பெயர். கிறிஸ்தவர்களின் பெரிய விழா கிறிஸ்துமஸ் என்றுதான் வெளியே பலரும் நினைக்கிறார்கள். திருச்சபைக்கு ஆண்டின் உச்சம் இந்த இரவு. பண்டைய ஆயரான புனித அகுஸ்தினார் இதைத் திருவிழிப்புகளுக்கெல்லாம் தாய் என்றார். பூசை முறையைச் சொல்லும் இன்றைய திருப்பலிப் புத்தகமும் அதே சொல்லால்தான் இந்த இரவை அறிமுகம் செய்கிறது.

திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெறத் தயாராகிறவர்கள், கத்தோலிக்கக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள், நண்பர் அழைத்ததால் வருகிறவர்கள், இத்தனை ஆண்டும் ஞாயிறு காலைப் பூசைக்கு மட்டும் போய் இரவை விட்டுவிட்டவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறோம். எங்கே நிற்க வேண்டும், எதைக் கையில் வைத்திருக்க வேண்டும், எந்த நேரத்தில் என்ன நடக்கும் என்பது முன்பே தெரிந்தால் கவனம் சிதறாது. இந்த வழிபாட்டின் பொருளை நெருப்பு, மெழுகு, வாசகம், தண்ணீர், அப்பம் என்ற ஐந்தும் இதே வரிசையில் சொல்லிக்கொண்டு போகும். முதலில் இருக்கும் இருட்டைத் தவறவிட்டால் மற்றவற்றின் பாதிப் பொருள் போய்விடும். ஆகவே இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால், நேரத்தோடு வருவதை வையுங்கள்.

நாளும் நேரமும்

உயிர்ப்பு ஞாயிறு மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையில் வரும். மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமியை அடுத்த ஞாயிறு என்பது கணக்கு. 325இல் கூடிய நிக்கேயா பொதுச்சங்கம் எல்லாத் திருச்சபைகளும் ஒரே ஞாயிறில் கொண்டாட வேண்டும் என்று முடிவு செய்தது. நம் நாட்காட்டியில் பார்த்தால் அது பங்குனிப் பௌர்ணமியாக இருக்கும், அல்லது சித்திரை பிறந்த சில நாளில் வரும் பௌர்ணமியாக இருக்கும். யூதர்களின் பாஸ்காவும் நிசான் மாதப் பௌர்ணமியை ஒட்டியது. எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து இஸ்ரயேலர் வெளியேறிய இரவு அது. 'பாஸ்கா' என்ற சொல்லே கடந்து போதலைக் குறிக்கும் எபிரேயச் சொல்லிலிருந்து வந்தது.

2026இல் திருவிழிப்பு ஏப்ரல் 4 இரவு. 2027இல் மார்ச் 27, 2028இல் ஏப்ரல் 15.

தமிழ்நாட்டில் பாஸ்கா என்றால் பல ஊர்களில் இயேசுவின் பாடுகளை நடித்துக் காட்டும் நாடகத்தைத்தான் சொல்வார்கள். "பாஸ்காவுக்கு வர்றீங்களா?" என்று யாராவது கேட்டால் நாடகமா, திருவிழிப்பா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டும் வேறு.

இருட்டிய பிறகுதான் தொடங்க வேண்டும், ஞாயிறு விடிவதற்குள் முடிய வேண்டும் என்பது விதி. நம் ஊர்களில் பெரும்பாலும் இரவு 10.30, 11 மணிக்குத் தொடங்குவார்கள். மறுநாள் வேலை, பேருந்து வசதி என்று காரணம் காட்டி மாலை 6.30க்கே வைத்துவிடும் இடங்களும் உண்டு. ஏப்ரல் மாதத்தில் 6.30க்கு மேற்கில் இன்னும் வெளிச்சம் இருக்கும். அந்த வெளிச்சத்தில் மூட்டும் தீக்கு எந்த வேலையும் இல்லை. உங்கள் பங்கில் (ஆலயச் சமூகத்தில்) அப்படி என்றால், இரவில் நடத்தும் பக்கத்துப் பங்குக்குப் போகலாம், தவறில்லை. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். பல நூற்றாண்டுகளாக இந்த வழிபாடு சனிக்கிழமை காலையிலேயே நடந்துவந்தது. பட்டப்பகலில் நின்றுகொண்டு "இதுவே அந்த இரவு" என்று பாடினார்கள். 1951இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் முதலில் சோதனையாக அதை இரவுக்குத் திருப்பினார். 1956இலிருந்து எல்லா இடத்திலும் அதுவே முறையானது. இத்தனை பாடுபட்டு மீட்டெடுத்த இருட்டை நாமே திரும்பத் தொலைத்துவிடக் கூடாது.

இரண்டிலிருந்து மூன்று மணி நேரம் ஆகும். திருமுழுக்குப் பெறுவோர் அதிகம் என்றால் இன்னும் நீளும்.

சனிக்கிழமை பகல்

திருவிழிப்புக்கான தயாரிப்பு பகலிலேயே தொடங்கிவிடுகிறது. பெரிய சனி பகலில் திருப்பலி கிடையாது. முடிந்தால் ஒரு பத்து நிமிடம் ஆலயத்துக்குள் போய்ப் பாருங்கள். பீடத்தில் துணி இருக்காது. நற்கருணை என்னும் திரு அப்பத்தை வைக்கும் பேழை திறந்து வெறுமையாகக் கிடக்கும். அணையா விளக்கு அணைந்திருக்கும். பெரிய வியாழன் மாலை 'உன்னதங்களிலே கடவுளுக்கு மகிமை' என்ற வானவர் கீதத்தோடு நின்றுபோன மணி இன்னும் ஒலித்திருக்காது. இயேசு கல்லறைக்குள் இருக்கும் நாள் இது. அந்த வெறுமையைப் பகலில் பார்த்தவருக்கு இரவில் ஒவ்வொன்றாகத் திரும்பி வருவது என்ன என்று புரியும்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, நற்கருணை வாங்குகிறவர்கள் அதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து எதுவும் உண்ணக் கூடாது. தண்ணீருக்கும் மருந்துக்கும் தடையில்லை. பெரிய வெள்ளியின் நோன்பைச் சனி இரவு வரை நீட்டுவது பழைய வழக்கம். கட்டாயமில்லை, ஆனால் நல்லது. நோன்பு இருக்கிறவர்களும் மாலை ஏழு மணிவாக்கில் இட்லியோ கஞ்சியோ லேசாகச் சாப்பிட்டுக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றில், தூபப் புகைக்கு நடுவே, கூட்டத்தில் நின்று மயங்கி விழுகிறவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கலாம்.

பருத்தி உடையே நல்லது. எல்லோர் கையிலும் எரியும் மெழுகுதிரி இருக்கும். வழுக்கும் நைலான் துப்பட்டாவும், நீளமாகத் தொங்கும் முந்தானையும், முதுகில் புரளும் கூந்தலும் ஆபத்து. முந்தானையைச் செருகிக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்குத் தலையை இறுக்கிப் பின்னிவிடுங்கள்.

மெழுகுதிரி

கதவருகே திரி கொடுப்பார்கள், அல்லது விற்பார்கள். வீட்டிலிருந்து கொண்டுவருவதாக இருந்தால் சுண்டுவிரல் பருமனும் ஒரு சாண் நீளமும் உள்ளதாக எடுங்கள். பிறந்தநாள் கேக்கில் வைக்கும் மெல்லிய திரி பாஸ்காப் புகழுரை என்னும் நீண்ட பாட்டு முடிவதற்குள் தீர்ந்துவிடும். ஒரு காகிதக் குவளையை எடுத்து, அடியில் சிலுவை வடிவில் கீறி, திரியைக் கீழிருந்து மேலாகச் செருகுங்கள். குவளையின் வாய் மேலே பார்க்க வேண்டும். மூன்றில் ஒரு பங்கு திரி குவளைக்குக் கீழே, கைப்பிடியாக இருக்கட்டும். உருகும் மெழுகு குவளைக்குள்ளேயே தங்கிவிடும், காற்றும் ஓரளவு தடுக்கப்படும். ஆனால் சுடர் குவளையின் விளிம்புக்கு மேலே நிற்க வேண்டும். உள்ளே இறங்கிவிட்டால் காகிதம் பற்றிக்கொள்ளும்.

நெருப்பை அடுத்தவருக்குக் கொடுப்பதில்தான் முதல்முறை வருகிறவர்கள் எல்லோரும் தவறுகிறார்கள். எரிகிற திரியைச் சாய்த்துப் பக்கத்தவர் திரியின் மேல் பிடிப்பார்கள். உருகிய மெழுகு அவர் கைமேல் கொட்டும். எரிகிற திரி நேராக நிற்கட்டும். எரியாத திரியைத்தான் சாய்க்க வேண்டும். பெறுகிறவர் குனிகிறார், கொடுக்கிறவர் அசையாமல் நிற்கிறார். இதை வீட்டிலேயே பிள்ளைகளுக்கு இரண்டுமுறை செய்து காட்டிவிடுங்கள். எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளையின் கையில் தனியாகத் திரி கொடுக்காதீர்கள். பெரியவர் ஒருவர் கைமேல் கை வைத்துப் பிடித்துக்கொள்ளட்டும்.

தீ

வழிபாடு ஆலயத்துக்கு வெளியே தொடங்கும். முன்கூட்டியே உள்ளே போய் இடம் பிடித்து உட்கார்ந்துவிடாதீர்கள். உட்கார்ந்தால் வழிபாட்டின் முதல் பகுதி முழுவதையும் இழப்பீர்கள். அறிவித்த நேரத்துக்கு இருபது நிமிடம் முன்னதாக வந்து வளாகத்தில் தீ மூட்டும் இடத்தருகே நில்லுங்கள். முதியவர்களுக்கும் கைக்குழந்தையோடு வருகிறவர்களுக்கும் மட்டும் உள்ளே ஓரமாக இடம் பார்த்து வைத்துவிட்டு வரலாம்.

ஆலயத்தில் எல்லா விளக்கும் அணைக்கப்படும். செல்பேசியை அணைத்துப் பைக்குள் போடுங்கள். ஒரே ஒரு திரையின் நீல வெளிச்சம் பத்துப் பேரின் இருட்டைக் கெடுத்துவிடும். காணொளி எடுப்பதற்கென்று பங்கில் ஒருவர் இருப்பார், அவர் எடுத்தது போதும்.

தீ என்பது இருட்டை உண்மையிலேயே விரட்டும் அளவுக்குக் கொழுந்துவிட்டு எரிய வேண்டும் என்று சடங்கு விதி சொல்கிறது. இரும்புச் சட்டியில் நாலு கரித்துண்டு வைத்து ஒப்பேற்றுவது அந்த அடையாளத்தைக் குறுக்கிவிடும். தீ மூட்டும் பொறுப்பு உங்களுக்கு வந்தால், நன்றாகக் காய்ந்த விறகை நாலைந்து கிலோ அளவில் கூம்பாக அடுக்கி, நடுவில் கொட்டாங்குச்சியும் காய்ந்த தென்னம்பாளையும் வைத்து, அடியில் ஒரு பிடி சூடம் போட்டு மூட்டுங்கள். பெட்ரோல் வேண்டவே வேண்டாம். ஆவி பரவி, பற்றவைப்பவர் முகத்திலேயே வெடிக்கும். பக்கத்தில் ஒரு வாளி மணலும் ஒரு வாளி தண்ணீரும் இருக்கட்டும். தூபக்கலசத்துக்கான கரியைப் பத்து நிமிடம் முன்பே பற்றவைத்துவிட வேண்டும். கடைசி நேரத்தில் போட்ட கரியில் சாம்பிராணி சரியாகப் புகையாது.

குருவானவர் வெள்ளை உடையில் வருவார். தவக்காலத்தின் நாற்பது நாள் ஊதா உடையைப் பார்த்த கண்ணுக்கு அதுவே முதல் மாற்றம். தீயை ஆசீர்வதித்ததும், உயிர்த்த கிறிஸ்துவைக் குறிக்கும் பெரிய பாஸ்கா மெழுகுதிரியைக் கொண்டுவருவார்கள்.

பாஸ்கா மெழுகுதிரியைப் படிக்கும் விதம்

கூட்டம் நெருக்கினாலும் இந்த இடத்தில் முன்னால் வந்து நில்லுங்கள். அந்தத் திரியின் மேல் செய்யப்படும் ஒவ்வொரு கோட்டுக்கும் பொருள் உண்டு.

குருவானவர் எழுத்தாணி போன்ற கூரிய கருவியால் முதலில் மேலிருந்து கீழாக ஒரு கோடு, பிறகு குறுக்கே ஒரு கோடு கீறுவார். சிலுவை. அதன் மேலே கிரேக்க அரிச்சுவடியின் முதல் எழுத்து, கீழே கடைசி எழுத்து. தமிழில் இதை அகரமும் னகரமும் என்கிறோம், சில ஆலயங்களில் அ, ன என்ற எழுத்துகளையே பொறிப்பார்கள். நம் நெடுங்கணக்கு அகரத்தில் தொடங்கி னகரத்தில் முடிகிறது. தொடக்கமும் முடிவும் அவரே என்பதை இதைவிடச் சுருக்கமாக எந்த மொழியிலும் சொல்லிவிட முடியாது.

பிறகு சிலுவையின் நான்கு மூலைகளிலும் அந்த ஆண்டின் நான்கு எண்கள். 2026 என்றால் இடது மேல் மூலையில் 2, வலது மேல் மூலையில் 0, இடது கீழே 2, வலது கீழே 6. காலங்கள் அவருடையன என்று சொல்லிக்கொண்டே இதைச் செய்வார். என்றோ நடந்த ஒன்றின் நினைவுநாளாக இதைத் திருச்சபை கருதவில்லை. நாம் வரவுசெலவு எழுதும், மருத்துவமனைக்கு அலையும், வேலை தேடும் இந்த ஆண்டுக்குள்தான் உயிர்ப்பு இறங்குகிறது. அதனால்தான் ஒவ்வோர் ஆண்டும் புதுத் திரி வேண்டும் என்பது விதி. பழைய திரியில் எண்ணை மட்டும் மாற்றி ஒட்டுவதும், உள்ளே எண்ணெய் ஊற்றும் நெகிழிக் குழாயைத் திரி என்று வைப்பதும் பிழை. எரிந்து குறையாத திரி தன்னைக் கொடுத்தவருக்கு அடையாளமாகாது.

கடைசியாகச் சிலுவையின் உச்சி, நடு, அடி, இரண்டு கைகள் என ஐந்து இடங்களில் சாம்பிராணி மணிகள் பதிக்கப்படும். ஐந்து திருக்காயங்கள். உயிர்த்தபின்னும் அந்தக் காயங்கள் இயேசுவின் உடலில் மறையாமல் இருந்தன. ஐயப்பட்ட சீடர் தோமாவுக்குக் காட்டியது அவற்றைத்தான். துயரத்தோடு இந்த இரவுக்கு வருகிறவர்கள் இந்த ஐந்து மணிகளையும் பாருங்கள். காயம் இருந்த இடத்தில் இப்போது நறுமணம் பதிந்திருக்கிறது.

திரியை நேரடியாகத் தீக்குள் நீட்டினால் மெழுகு வழிந்து வடிவம் கெடும். ஒரு மெல்லிய திரியால் தீயிலிருந்து சுடரை எடுத்து ஏற்ற வேண்டும். புதுத் திரியின் நூல் மெழுகில் மூழ்கியிருக்கும். பகலிலேயே மேல்மெழுகைச் சற்றுச் சுரண்டி நூலை அரை அங்குலம் வெளியே எடுத்துவைக்காவிட்டால், ஊர்வலத்தின் பாதியில் சுடர் அணையும். அணைந்தால் கலங்க வேண்டாம். தீயிலிருந்து எடுத்த அதே சுடரை ஒரு கண்ணாடிக் கூண்டு விளக்கில் பின்னால் கொண்டுவரச் சொல்லுங்கள், அதிலிருந்து மறுபடி ஏற்றலாம். தீப்பெட்டி வேண்டாம்.

ஊர்வலமும் புகழுரையும்

ஒரே ஒரு சுடர் இருண்ட ஆலயத்துக்குள் நுழையும். வாசலில் ஒருமுறை, நடுவில் ஒருமுறை, பீடத்தின் முன் ஒருமுறை நின்று "கிறிஸ்துவின் ஒளி இதோ" என்று பாடுவார்கள். "இறைவா உமக்கு நன்றி" என்பது நமது பதில். இரண்டாம் முறை பாடியபின் பாஸ்கா திரியிலிருந்து மக்களின் திரிகளுக்குச் சுடர் பரவும். மூன்றாம் முறைக்குப் பிறகே ஆலய விளக்குகள் எரியும். பீடத்து மெழுகுதிரிகள் மட்டும் இன்னும் காத்திருக்கும். முன்வரிசையிலிருந்து பின்வரிசை வரை முகங்கள் ஒவ்வொன்றாகத் துலங்குவதைப் பாருங்கள். கொடுத்த சுடர் குறைவதில்லை.

மின்விளக்குப் பொறுப்பில் இருப்பவர் பதற்றத்தில் முதல் பாட்டிலேயே சுவிட்சைப் போட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. அவருக்கு மூன்று என்று எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது.

அடுத்துக் குருவுக்கு உதவும் திருத்தொண்டரோ குருவோ பாடகரோ பாஸ்காப் புகழுரையைப் பாடுவார். நீண்ட வடிவம் ஏறக்குறைய பத்து நிமிடம். எரியும் திரியோடு நின்றபடியே கேட்க வேண்டும். இந்த இரவின் இறையியல் முழுவதும் இந்தப் பாட்டுக்குள் அடங்கியிருக்கிறது. ஆதாமின் பாவத்தையே பேறான குற்றம் என்று அழைக்கும் துணிவு இதில் உண்டு. இத்தனை பெரிய மீட்பரை நமக்குப் பெற்றுத் தந்ததே என்பதற்காக. இலத்தீன் மூலம் தேனீக்களையும் மறக்கவில்லை. திரிக்கு மெழுகு தந்த அவற்றின் உழைப்பும் கடவுள் முன் காணிக்கையாகச் சொல்லப்படுகிறது. புகழுரை முடிந்ததும் திரியை அணைத்துவிட்டு உட்காருங்கள். பலமாக ஊதினால் மெழுகு தெறிக்கும், குவளையோடு சற்று விலக்கிப் பிடித்து மெல்ல ஊதுங்கள். அணைத்த திரியைக் காலடியில் போட்டுவிடாதீர்கள், பிறகு தேவைப்படும்.

வாசகங்கள்: எதைக் கவனிப்பது

புதியவர்களுக்குக் கண்ணைச் சுழற்றும் பகுதி இது. பழைய ஏற்பாட்டிலிருந்து ஏழு வாசகங்கள், பிறகு ஒரு திருமுகம் (திருத்தூதர் கடிதம்), ஒரு நற்செய்தி, ஆக ஒன்பது. நேரம் கருதிப் பழைய ஏற்பாட்டு வாசகங்களைக் குறைக்கலாம், ஆனால் குறைந்தது மூன்று வாசகங்களேனும் வாசிக்க வேண்டும். விடுதலைப்பயணம் 14 எந்தக் காரணத்துக்காகவும் விடப்படக் கூடாது. ஒவ்வொரு வாசகத்துக்குப் பின்னும் ஒரு திருப்பாடலும் மன்றாட்டும் வரும். வாசகத்துக்கு உட்காருங்கள், மன்றாட்டுக்கு எழுந்திருங்கள். இந்த ஒரு ஒழுங்கு பிடிபட்டால் மற்றது தானே வரும்.

முந்தைய நாளே விவிலியத்தை எடுத்து மூன்று பகுதிகளை மட்டுமாவது வீட்டில் படித்துவிட்டு வாருங்கள்.

தொடக்கநூல் 1: படைப்பு. "ஒளி தோன்றுக" என்ற சொல்லை, சற்றுமுன் இருட்டில் நின்ற நீங்கள் இப்போது வேறு மாதிரி கேட்பீர்கள்.

விடுதலைப்பயணம் 14: செங்கடல். முன்னால் கடல், பின்னால் பார்வோனின் படை. தண்ணீர் இரண்டு பக்கமும் மதிலாக நிற்க, மக்கள் காய்ந்த தரையில் நடந்து மறுகரை சேர்கிறார்கள். அதே தண்ணீர் அவர்களைத் துரத்தி வந்ததை மூடிவிடுகிறது. இன்னும் ஒரு மணி நேரத்தில் நடக்கவிருக்கும் திருமுழுக்கின் படம் இது. எகிப்தியர் சாவதைக் கேட்டுச் சிலருக்கு மனம் உறுத்தும். உறுத்தத்தான் வேண்டும். திருச்சபை இதை வாசிப்பது ஒரு இனத்தின் அழிவைக் கொண்டாட அல்ல. மனிதரை அடிமையாக்கும் ஆற்றல் கடைசி வரை துரத்தி வந்தும் கரையேற முடியவில்லை என்று அறிவிக்க.

எசேக்கியேல் 36: தூய நீரைத் தெளிப்பேன், கல்லான இதயத்தை எடுத்துவிட்டுச் சதையாலான இதயத்தைத் தருவேன் என்ற வாக்குறுதி.

ஈசாக்கைப் பலியிட ஆபிரகாம் போகும் தொடக்கநூல் 22ஐ முதன்முறை கேட்பவர்கள் திடுக்கிடுவார்கள். மோரியா மலைக்கு விறகைத் தன் தோளில் சுமந்துபோகும் மகனைக் கவனியுங்கள். பெரிய வெள்ளியன்று சிலுவை சுமந்தவரை அந்தப் படத்தில் திருச்சபை ஆதியிலிருந்தே கண்டிருக்கிறது. எசாயா 54, 55, பாரூக்கு 3 ஆகியவை மற்ற மூன்று.

வாசிக்கும் பொறுப்பு கிடைத்தவர்களுக்கு ஒரு சொல்: படைப்பு வாசகம் நீளமானது. "மாலையும் காலையும் நிறைவுற்று" என்று திரும்பத் திரும்ப வரும் வரியை வேகமாகத் தாண்டாமல் ஒரே சீராக நிறுத்தி வாசியுங்கள். அந்தத் தாளம்தான் கேட்பவர்களைக் கொண்டுசெல்லும்.

மணி, வானவர் கீதம், அல்லேலூயா

கடைசிப் பழைய ஏற்பாட்டு வாசகமும் மன்றாட்டும் முடிந்ததும் பீடத்து மெழுகுதிரிகள் ஏற்றப்படும். வானவர் கீதம் தொடங்கும். வியாழன் முதல் ஊமையாக இருந்த மணிகள் எல்லாம் ஒன்றாக ஒலிக்கும். கைக்குழந்தை இருந்தால் அதன் காதைப் பொத்துங்கள். தமிழ்நாட்டுப் பங்குகள் பலவற்றில் இந்த நேரத்தில் திரை விலகி உயிர்த்த இயேசுவின் சுரூபம் தோன்றும், வெளியே வாணவேடிக்கையும் இருக்கும். இது திருப்பலிப் புத்தகத்தில் இல்லாத, மக்கள் உருவாக்கிய வழக்கம். மனத்தை நெகிழ வைக்கும் வழக்கம்தான். வெடிச்சத்தம் கீதத்தை விழுங்கிவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

பிறகு உரோமையர் 6. கிறிஸ்துவோடு அடக்கம் செய்யப்பட்டோம், அவரோடு புதுவாழ்வு வாழ்வோம் என்ற பவுலின் சொல். அது முடிந்ததும், தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனிலிருந்து ஒருமுறைகூடச் சொல்லப்படாத அல்லேலூயாவை மும்முறை, ஒவ்வொரு முறையும் சுருதியை உயர்த்திப் பாடுவார்கள். நாமும் மும்முறை திருப்பிப் பாட வேண்டும். குரல் நன்றாக இல்லை என்று வாய் மூடி நிற்காதீர்கள்.

நற்செய்தி மூன்று ஆண்டுச் சுழற்சியில் வரும். 2026இல் மத்தேயு, 2027இல் மாற்கு, 2028இல் லூக்கா. மூன்றிலும் கல்லறைக்கு முதலில் போகிறவர்கள் பெண்கள். இறந்தவரைப் பார்க்கப் போய், உயிரோடு இருக்கிறார் என்ற சேதியைச் சுமந்துகொண்டு திரும்புகிறார்கள்.

தண்ணீர்

தொடக்கத் திருச்சபையில் புதியவர்கள் திருமுழுக்குப் பெற்ற முதன்மையான இரவு இதுதான். இன்றும் வயதுவந்தோருக்கு இந்த இரவையே திருச்சபை ஒதுக்குகிறது. புனிதர்கள் மன்றாட்டுமாலையை நின்றபடியே பாடுவோம். உயிர்ப்புக் காலத்தில் இந்த மாலைக்கு முழந்தாளிடுவதில்லை. குருவானவர் பாஸ்கா திரியின் அடிப்பகுதியைத் தண்ணீருக்குள் ஒருமுறையோ மும்முறையோ இறக்கி மந்திரிப்பார். தொட்டியின் ஆழமும் திரியின் எடையும் முன்பே பார்த்துவைக்கப்பட்டிருக்க வேண்டும். சிறு கிண்ணத்தில் திரியின் நுனியை மட்டும் நனைத்தால் பின்வரிசையில் இருப்பவர்களுக்கு எதுவும் தெரியாது.

அடுத்து எல்லோரும் திரியை மறுபடி ஏற்றித் திருமுழுக்கு வாக்குறுதிகளைப் புதுப்பிப்பார்கள். அலகையை (சாத்தானை) விட்டுவிடுவது பற்றி மூன்று கேள்விகள், விசுவாசம் பற்றி மூன்று கேள்விகள். நான்காம் நூற்றாண்டு எருசலேமில் திருமுழுக்குப் பெற வந்தவர்கள் மேற்கே திரும்பி நின்று, கை நீட்டி, அலகையை விட்டுவிடுகிறோம் என்று சொன்னார்கள். பிறகு கிழக்கே திரும்பி விசுவாசத்தை அறிக்கையிட்டார்கள். கையில் எரியும் திரியோடு பதில் சொல்லும்போது அந்தத் திரும்புதலை மனத்தால் செய்யுங்கள். விட்டுவிட வேண்டிய ஒன்றைப் பெயரோடு நினைத்துக்கொண்டு சொல்வது நல்லது. பொதுவாகச் சொல்லும் பதில் வாயோடு நின்றுவிடும். திருமுழுக்குப் பெறாதவர்கள் இந்தப் பதில்களைச் சொல்லத் தேவையில்லை, அமைதியாக நின்றால் போதும்.

தீர்த்தம் தெளிக்கும்போது திரியை ஒதுக்கிப் பிடியுங்கள். முகத்தில் பட்டால் துடைக்காதீர்கள்.

அப்பம்

இதற்கு மேல் வழக்கமான திருப்பலி. புதிதாகத் திருமுழுக்குப் பெற்றவர்கள் முதன்முறை நற்கருணை வாங்கும் நேரம் இது. கத்தோலிக்கர் அல்லாதவர்கள் வரிசையில் போக வேண்டாம், இருக்கையிலேயே செபிக்கலாம். அதை யாரும் குறையாக நினைக்க மாட்டார்கள். திருவிழிப்பு நள்ளிரவுக்கு முன் முடிந்தாலும் அது உயிர்ப்பு ஞாயிறுக்குரிய திருப்பலியே. மறுநாளும் பூசை காண்கிறவர்கள் அப்போதும் நற்கருணை வாங்கலாம்.

வீட்டுக்கு எடுத்துச் செல்வது

மூடி இறுக்கமாக உள்ள அரை லிட்டர் பாட்டில் ஒன்று கொண்டுவந்தால் புதுத் தீர்த்தம் எடுத்துக்கொள்ளலாம். வீட்டின் மூலைகளிலும், நோயாளியின் படுக்கையருகிலும் தெளிப்பது நம் குடும்பங்களின் வழக்கம். மிஞ்சியது கெட்டுப்போனால் சாக்கடையில் கொட்டாமல் செடிக்கு ஊற்றுங்கள்.

சேலையில் மெழுகு சிந்தியிருந்தால் ஈரத்துணியால் தேய்க்காதீர்கள், உள்ளே இறங்கிவிடும். இறுகவிட்டு, ஐஸ்கட்டியால் குளிர்வித்து, நகத்தால் பெயர்த்தெடுங்கள். மீதிக்கு மேலும் கீழும் உறிஞ்சுதாள் வைத்து, மிதமான சூட்டில் இஸ்திரிப்பெட்டியை ஒற்றுங்கள். தாளில் மெழுகு ஏற ஏறத் தாளை மாற்றுங்கள். பட்டுக்குச் சூடு இன்னும் குறைவாக இருக்க வேண்டும்.

எரிந்து மிஞ்சிய திரித்துண்டை எறியாதீர்கள். செபமேடையில் வைத்து, குழந்தையின் திருமுழுக்கு நாளிலோ, வீட்டில் ஒருவர் சாவுடன் போராடும் வேளையிலோ ஏற்றுவது நல்ல வழக்கம். பாஸ்கா மெழுகுதிரி உயிர்ப்பு ஞாயிறிலிருந்து தூய ஆவியார் பெருவிழாவான பெந்தக்கோஸ்து வரை ஐம்பது நாள் பீடத்தருகே நிற்கும். 2026இல் அது மே 24 வரை. அதன்பின் திருமுழுக்குத் தொட்டியருகே போய்விடும். ஆண்டு முழுவதும் ஒவ்வொரு திருமுழுக்குக்கும் அதிலிருந்துதான் குழந்தையின் திரி ஏற்றப்படும். இறுதிச் சடங்கில் சவப்பெட்டியின் அருகிலும் அதே திரி எரியும். அடுத்த முறை துக்க வீட்டாரோடு ஆலயத்துக்குப் போகும்போது திரியில் பொறித்த ஆண்டு எண்ணைப் பாருங்கள். அந்த எண் கீறப்பட்ட இரவில் நீங்கள் அங்கே இருந்திருப்பீர்கள்.